நகையும் கடிகாரமும்: வாசகர் கேள்விகளும் என் பிடிவாதங்களும்

முந்தைய இதழ் ஒன்றில், "விலை உயர்ந்த கடிகாரத்தை நேரம் பார்ப்பதற்காக யாரும் வாங்குவதில்லை, வைரத்தைச் சேமிப்புக்காக யாரும் வாங்கக் கூடாது" என்று போகிற போக்கில் எழுதி, ரோலக்ஸ் கடிகாரத்துக்காக வரிசையில் காத்திருப்பவர்களையும் கேலி செய்திருந்தேன். அதற்கு உடன்பட்டும் கோபித்தும் வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். ரசனை என்னுடையது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

பாட்டி விட்டுச் சென்ற ஏழு கல் வைரத்தோட்டை ஒரு கடையில் காட்டினேன். கற்கள் நீல ஒளி உமிழ்வதால் மதிப்புக் குறைந்தவை என்றும், கொடுத்துவிட்டுச் சான்றிதழ் உள்ள புதிய கற்களாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். எங்கள் வீட்டிலோ இவற்றை 'ப்ளூ ஜாகர்' என்று பெருமையாகச் சொல்வார்கள். யாரை நம்புவது?
வாசகி, காரைக்குடி

பாட்டியை நம்புங்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை; இன்றைய மொத்தச் சந்தையில் நீல ஒளிர்வு உள்ள கல்லுக்கு விலையைக் குறைத்துப் போடுவது உண்மை. ஆனால் சந்தை எதற்கு விலையைக் குறைக்கிறதோ அதுவே அழகுக் குறைவு என்று எடுத்துக்கொள்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் பகுதியில் உள்ள யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தில் 1870களிலிருந்து ஏறக்குறைய நூறாண்டுகள் வைரம் எடுத்தார்கள். அங்கிருந்து வந்த உயர்தரக் கற்கள் நீலச் சாயல் ஓடும் வெண்மைக்குப் பேர் பெற்றவை. நம் ஊர் வியாபாரிகளின் வாயில் 'ஜாகர்' ஆனது அந்தச் சுரங்கத்தின் பெயர்தான். பிற்காலத்தில் அதே சாயல் கொண்ட எந்தக் கல்லுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பதால், உங்கள் தோட்டில் இருப்பவை அந்தச் சுரங்கத்துக் கற்களே என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். செய்ய வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் காதில் தெரிவது சாயல்தானே தவிர பிறப்பிடம் அன்று.

அந்த ஒளிர்வின் காரணம் எளியது. வைரம் முழுக்கக் கரி அணுக்களால் ஆனது என்றாலும், பெரும்பாலான இயற்கைக் கற்களில் சிறிதளவு நைட்ரஜனும் கலந்திருக்கும். நைட்ரஜன் அணுக்கள் மூன்று, ஓர் வெற்றிடத்தைச் சூழ்ந்து அமைந்துவிட்டால், அந்த அமைப்பு புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. புற ஊதாக் கதிர் பகல் வெளிச்சத்திலேயே இருக்கிறது. நீலம் மஞ்சளை அடக்கும் என்பதால், இலேசான மஞ்சள் சாயல் உள்ள கல்கூட வெயிலில் வெள்ளையாகத் தெரியும். முற்பகல் வெளிச்சத்தில் கோயில் பிரகாரத்தில் நடக்கும் ஒரு பெண்ணின் தோடு ஏன் அப்படி எரிகிறது என்பதற்கும், அதே கல் நகைக்கடையின் விளக்கு வெளிச்சத்தில் ஏன் சாதுவாக இருக்கிறது என்பதற்கும் இதுவே பெரும்பாலும் விடை. மிகச் சில கற்களில் மட்டும் ஒளிர்வு அளவு மீறிப் பால் கலந்தாற்போன்ற மங்கல் ஏற்படுவது உண்டு; உங்கள் கற்கள் வெயிலில் தெளிவாக இருந்தால் அந்தக் கவலையும் வேண்டாம்.

வைரங்களைத் தரம் பிரிக்கும் முறையை உலகுக்குத் தந்த அமெரிக்க ரத்தினவியல் கழகமே 1997இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரணப் பார்வையாளர்களுக்கு ஒளிர்வால் எந்த வேறுபாடும் புலப்படவில்லை. பழகிய கண்களுக்கோ, வலுவாக ஒளிரும் கற்கள் மேலிருந்து பார்க்கையில் நிறத்தில் மேம்பட்டே தெரிந்தன. இருந்தும் சான்றிதழில் 'வலுவான ஒளிர்வு' என்று ஒரு வரி விழுந்துவிட்டால் விலை இறங்குகிறது. படித்துப் பார்த்து வாங்கும் பழக்கம், பார்த்து வாங்கும் பழக்கத்தைத் தள்ளிவிட்டது என்பது என் வருத்தம். கல்லுக்குக் குற்றம் பட்டியலிடுவது ஆய்வகங்கள் தொடங்கி வைத்த வழக்கமும் அன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரைக் கடைவீதி வைரங்களைக் காகபாதம், களங்கம், விந்து (புள்ளி), ஏகை (கோடு) என்னும் குற்றங்கள் நீங்கியவை என்று சொல்கிறது. அந்தப் பட்டியலில் நீல ஒளி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கற்கள் பழைய வெட்டாக இருந்தால், 'திரும்ப வெட்டி ஜொலிக்கச் செய்கிறோம்' என்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். இன்றைய வட்ட வெட்டின் கணக்கு மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற இளைஞர் 1919இல் எழுதியது; அதற்கு முந்தைய கற்கள் மெழுகுவர்த்திக்கும் எண்ணெய் விளக்குக்கும் உரியவை. அவற்றின் பட்டைகள் பெரியவை. புதுக்கல் நூறு சிறு பொறிகளாகச் சிதறுமிடத்தில் பழங்கல் நின்று நிதானமாக ஒரு பெரிய மின்னல் வெட்டு வெட்டும். எனக்கு அந்த நிதானம்தான் பிடிக்கிறது. திரும்ப வெட்டினால் எடையும் குறையும், அந்த முகமும் போய்விடும். தோடு பின்புறம் மூடிய கட்டாக இருந்தால் எண்ணெயும் அழுக்கும் உள்ளே இறங்கியிருக்கும்; கல் கட்டத் தெரிந்த ஆசாரியிடம் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூலியே போதும்.

மகள் திருமணத்துக்கு வைர நெக்லஸ் வாங்க இருக்கிறோம். ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்கலாம் என்பது என் எண்ணம். சம்பந்தி வீட்டார் 'போலி' என்று நினைத்துவிடுவார்களோ என்று என் மனைவி தயங்குகிறார்.
வாசகர், கோவை

போலி என்றால் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் ஜிர்கோனியாவைச் சொல்லலாம். அது வேறு பொருள். ஆய்வக வைரம் அதே கரி, அதே கடினம், அதே ஒளி. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் 1954இலேயே பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரத்தை உண்டாக்கிவிட்டார்கள். இப்போது மீத்தேன் வாயுவிலிருந்து அடுக்கடுக்காகக் கரியைப் படியவிட்டுச் சில வாரங்களில் கல்லை வளர்க்கிறார்கள். சூரத்தில் அது பெருந்தொழில். கண்ணுக்கு லென்ஸ் வைத்துப் பார்க்கும் அனுபவசாலிகூட வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியாது, கருவி வேண்டும். 2023இல் நம் பிரதமர் அமெரிக்க அதிபரின் மனைவிக்கு அளித்த 7.5 காரட் கல்லும் இவ்வகைதான்.

ஆனால் விலையைப் பற்றி ஏமாற்றம் வேண்டாம். இயற்கை வைரத்தின் பெருமையையே நூற்றாண்டாக விற்றுவந்த டி பியர்ஸ், 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் காரட்டுக்கு 800 டாலர் என்று ஆய்வக வைர நகைகளை விற்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆய்வகக் கற்களின் விலை சரிந்துகொண்டே போக, 2025இல் அந்தக் கடையை மூடப்போவதாக அறிவித்தது. வளர்க்கக் கூடிய பொருளின் விலை, வளர்ப்பவர்கள் பெருகப் பெருக இறங்கத்தான் செய்யும்.

அப்படியானால் இயற்கை வைரம் பாதுகாப்பானதா என்று கேட்பீர்கள். அதற்கு முத்தின் கதையைச் சொல்கிறேன். 1917இல் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இருந்த ஒரு மாளிகையை, அதன் உரிமையாளரான மார்ட்டன் பிளாண்ட், கார்ட்டியே நிறுவனத்துக்கு நூறு டாலருக்கும் இரட்டை வட முத்துமாலை ஒன்றுக்கும் கொடுத்தார். மாலையின் அன்றைய மதிப்பு 10 லட்சம் டாலர். ஜப்பானில் மிகிமோட்டோ கொகிச்சி 1893லேயே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டியிருந்தார். வளர்ப்பு முத்து உலகெங்கும் பரவியபின், 1957இல் அதே மாலை ஏலத்தில் சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்குத்தான் போயிற்று. மாளிகை இன்றும் கார்ட்டியேயின் கடையாக நிற்கிறது. முத்தின் அழகு அந்த நாற்பது ஆண்டுகளில் ஒரு இம்மியும் குறையவில்லை. அரிது என்பதற்காகக் கொடுத்த பணம் மட்டும் கரைந்துவிட்டது.

ஆகவே ஆய்வக வைரத்தை அணிவதற்காக வாங்குங்கள், தாராளமாக வாங்குங்கள். சேமிப்பு என்று மகளுக்குக் கொடுக்க நினைப்பதைச் சொக்கத் தங்கமாகவோ வங்கியிலோ போடுங்கள். சம்பந்தி வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரசீதிலும் அப்படியே எழுதி வாங்குங்கள். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: கல் மலிந்துவிட்டது என்பதற்காக மூன்று காரட், நான்கு காரட் என்று போகாதீர்கள். பெருங்கல் பத்துக் கழுத்தில் தெரியத் தொடங்கிய பிறகு அது பெரிதாகத் தெரிவதில்லை. மிச்சமாகும் பணத்தை வேலைப்பாட்டில் போட்டால், வடிவமும் கட்டும் நன்றாக அமைந்த சிறிய நெக்லஸ் கிடைக்கும்.

என் கணவர், பேட்டரி இல்லாமல் கை அசைவில் ஓடும் சுவிஸ் ஆட்டோமேட்டிக் கடிகாரம் வாங்கியதிலிருந்து என் பேட்டரி கடிகாரத்தைப் பொம்மை என்கிறார். அவருடையதுதான் வாரத்துக்கு அரை நிமிடம் முந்தி ஓடுகிறது.
வாசகி, சென்னை

உங்கள் கடிகாரமே உயர்ந்த கருவி. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சைகோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை, அதாவது உங்களுடையதைப் போல் பேட்டரியில் ஓடுவதை, விற்பனைக்கு வைத்தபோது அதன் விலை 4,50,000 யென். ஒரு சிறிய காரின் விலை. மாதத்துக்கு ஐந்து வினாடிக்குள் பிசகும் என்பது அதன் உறுதி. சுவிட்சர்லாந்தில் அதிகாரபூர்வமாகச் சோதித்துக் 'குரோனோமீட்டர்' என்று சான்று பெறும் இயந்திரக் கடிகாரத்துக்கு இன்றும் ஒரு நாளைக்கு நான்கு வினாடி பிந்தவும் ஆறு வினாடி முந்தவும் அனுமதி உண்டு. இன்றைய குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும், அதுவே வினாடி முள்ளின் ஒரு துடிப்பு. உங்கள் கணவரின் கடிகாரம் பெரும்பாலும் வினாடிக்கு எட்டுத் துடிப்பு துடிப்பதாக இருக்கும்.

அந்த ஜப்பானியக் கடிகாரம் வந்தபின் 1970களிலும் 80களிலும் சுவிஸ் கடிகாரத் தொழிலில் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வேலை இழந்தார்கள். எஞ்சியவர்கள் செய்த சாமர்த்தியம், தோற்றுப்போன இயந்திரத்தைக் கலைப்பொருள் என்று விற்கத் தொடங்கியது. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. நானே சாவி கொடுக்கும் கடிகாரம்தான் கட்டுகிறேன், காலையில் அந்தத் திருகைச் சுற்றும்போது விரலில் ஏறும் இறுக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது என் மோகம். பேட்டரியைப் பொம்மை என்பதற்கு அது காரணமாகாது. சிட்டிசன் நிறுவனம் 2019இல் ஆண்டுக்கு ஒரு வினாடி மட்டுமே பிசகும் கைக்கடிகாரம் ஒன்றை வெளியிட்டது. எந்தச் சக்கரக் கூட்டமும் அதன் அருகே வர முடியாது என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

ரோலக்ஸ் வாங்க முடியாதவர்கள்தான் அதைக் குறை சொல்வார்கள். எட்டாத பழம் புளிக்கும்!
வாசகர், சிங்கப்பூர்

பழம் புளிக்காது ஐயா, நல்ல பழம்தான். பழக்கடை வாசலில் நிற்கும் வரிசையைத்தான் நான் கேலி செய்தேன்.

ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1905இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் கூட்டை 1926இல் கொண்டுவந்து, மறு ஆண்டே மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற நீச்சல் வீராங்கனையின் கழுத்தில் கட்டி ஆங்கிலக் கால்வாயில் இறக்கினார்கள். குளிர் தாங்காமல் அவர் அன்று கரை சேருமுன் படகில் ஏற்றப்பட்டார், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் என்ன பேசியது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 1945இல் டேட்ஜஸ்ட் வந்தது, தேதி தானாக மாறிச் சிறு சன்னலில் தெரியும் தானியங்கிக் கைக்கடிகாரம். 1960இல் வில்ஸ்டார்ஃப் இறந்தபின் நிறுவனம் அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளையின் உடைமையாக இருக்கிறது. இவையெல்லாம் மதிப்புக்கு உரியவை. சீராகச் செய்யப்படும், எளிதில் கெடாத, பல பத்தாண்டுகள் உழைக்கும் கடிகாரம் அது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் சண்டை எஃகுக் கடிகாரத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதோடுதான். அந்த மோகத்தின் வேர் 1972இல் இருக்கிறது. ஔடமார் பிகே நிறுவனத்துக்காக வடிவமைப்பாளர் ஜெரால்ட் ஜென்டா வரைந்த ராயல் ஓக் என்ற கடிகாரம் எஃகில் வந்து, 3,300 சுவிஸ் ஃபிராங்க் என்று தங்கக் கடிகாரங்களையே மிஞ்சும் விலை பெற்றது; 1976இல் அவரே படேக் பிலிப் நிறுவனத்துக்கு நாட்டிலஸ் என்ற எஃகுக் கடிகாரத்தை வரைந்தார். வடிவமைப்புக்கு விலை கொடுப்பது என்ற அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். ஆனால் பின்னாளில் வடிவமைப்பின் இடத்தை வரிசை பிடித்துக்கொண்டது. 2021 டிசம்பரில், நாட்டிலஸின் டிஃபனி நகைக்கடைக்கே உரிய நீல நிறத்தில் முகப்பு கொண்ட பதிப்பு ஒன்று, கடைவிலை சுமார் 52,000 டாலராக இருந்தும், நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்கு விற்றது. மறு ஆண்டின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட இந்த மறுவிற்பனை விலைகள் அதன்பின் சரிந்தன. கீறல் விழுமே என்று பிளாஸ்டிக் உறையைக்கூட உரிக்காமல் பெட்டியில் வைத்துக் காத்திருந்தவர்களிடம் நீங்களே கேட்டுப் பாருங்கள், அவர்கள் அந்தக் கடிகாரத்தில் ஒருநாளாவது மணி பார்த்தார்களா என்று. எனக்கு ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னால், 36 மில்லிமீட்டரில், தேதியில்லாமல், யாரும் திரும்பிப் பார்க்காத ரோலக்ஸ் எக்ஸ்ப்ளோரரைக் கேட்பேன்.

டூர்பியான் உள்ள கடிகாரங்களுக்கு ஏன் இத்தனை விலை? அவ்வளவு துல்லியமா?
வாசகர், மதுரை

கடிகாரக் கலைஞர் பிரேகே 1801இல் பாரிஸில் டூர்பியானுக்குக் காப்புரிமை பெற்றது சட்டைப்பைக் கடிகாரத்துக்காக. அது நாள் முழுவதும் பையில் நிமிர்ந்தே இருக்கும் என்பதால் புவியீர்ப்பு சமநிலைச் சக்கரத்தை ஒரே பக்கமாக இழுக்கும். சக்கரத்தையே ஒரு கூண்டில் வைத்துச் சுழற்றி அந்தப் பிழையைச் சமன் செய்தார். அபாரமான மூளை. ஆனால் கையோ தானே எல்லாத் திசையிலும் ஆடிக்கொண்டிருக்கிறது. கைக்கடிகாரத்தில் டூர்பியான் வைப்பது, ஆடும் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தனியாக வேறு ஆட்டிவிடுவது போன்றது. பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்குங்கள், மறுப்பில்லை.

பெண்களுக்கான கடிகாரம் என்றாலே இளஞ்சிவப்பு முகப்பும் சுற்றிலும் வைரமும் வைக்கிறார்களே?
வாசகி, யாழ்ப்பாணம்

சோம்பல்தான் காரணம். ஆண் கடிகாரத்தைச் சிறிதாக்கிக் கல் பதித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் சிறியதாகச் செய்வதே உச்சக் கலையாக இருந்தது. ஜெகர்-லெகூல்ட்ர் 1929இல் உருவாக்கிய 101 என்னும் இயந்திரம் ஏறத்தாழ ஒரு கிராம் எடைதான்; இரண்டாம் எலிசபெத் தம் 1953 முடிசூட்டு விழாவில் கட்டியிருந்தது அந்த இயந்திரம் கொண்ட கடிகாரம். அதற்கு ஈடான கவனம் இப்போது பெண்களின் கடிகாரத்துக்கு அபூர்வமாகவே கிடைக்கிறது. ஆண்கள் பகுதியில் போய் 34, 36 மில்லிமீட்டரில் தேடுங்கள். எதிலும் உரசிக் கண்ணாடி கீறாமல் இருக்க நீலக்கல் (சஃபையர்) கண்ணாடிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடிகாரத்தைச் சுற்றிக் கல் பதிப்பது பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: கல்லும் வீண், கடிகாரமும் வீண்.

18 காரட் நகை வாங்கினால் ஊரில் மதிக்க மாட்டார்கள் என்கிறாள் தங்கை.
வாசகி, தஞ்சாவூர்

ஊர் மதிக்காதது உண்மை. தனிஷ்க் நிறுவனமே 1990களில் 18 காரட்டோடு கடை திறந்து, வாடிக்கையாளர் ஏற்காததால் 22 காரட்டுக்கு மாறியது. ஆனாலும் கல் வைத்த நகைக்கு 18 காரட்டே சிறந்தது என்பேன். 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம். அது மென்மை, கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் நாளடைவில் தளரும். 75 சதவீதத் தங்கமான 18 காரட் இறுகப் பிடிக்கும். கல் இல்லாத சங்கிலி, வளையல், தாலிக்கொடிக்கு 22 காரட்டையே வாங்குங்கள், நிறமும் நம் தோலுக்குப் பொருந்தும். எதுவானாலும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்; 2023 ஏப்ரல் முதல் அது கட்டாயம். 'ஆண்டிக்' மெருகு என்று கறுப்பேற்றிய நகைகளுக்குச் சேதாரம் பெரும்பாலும் அதிகமாகப் போடுகிறார்கள். அழுக்குக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா ஓடவில்லை. முகப்பும் மஞ்சளாகிவிட்டது. செலவு செய்து சரிபார்ப்பது புத்திசாலித்தனமா, அந்தப் பணத்தில் புதிது வாங்குவதா?
வாசகர், சேலம்

சரிபார்த்துவிடுங்கள். எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா அவற்றில் பெயருக்கேற்ற எளிய வகை, உராய்வைக் குறைக்க 17 சிறு கற்கள் வைத்த, சாவி கொடுக்கும் இயந்திரம். அந்தக் கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. ஆனால் லட்சக்கணக்கில் விற்ற கடிகாரம் என்பதால் பழைய உதிரிகள் இன்னும் கிடைக்கின்றன, பழைய கைகளுக்கு அந்த இயந்திரம் அத்துபடி. நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் உறைந்த எண்ணெயாகவே இருக்கும். பிரித்துக் கழுவி எண்ணெய் விட்டால் ஓடும். வேண்டுமானால் கண்ணாடியையும் பட்டையையும் மாற்றச் சொல்லுங்கள். முகப்பை மட்டும் புதிதாகப் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். இணையத்தில் பளபளக்கும் நீலத்திலும் சிவப்பிலும் விற்கும் 'பழைய' எச்.எம்.டி.கள் பலவும் அப்படி மேலே பூசி, வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களை ஒட்டவைத்தவை. உங்கள் அப்பாவுடையதின் மஞ்சள் அசல். கொடுக்கும்போதே இதைக் கடைக்காரரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால், உதவி என்று எண்ணி அவரே பூசி வைத்துவிடுவார்.